தோட்டாக் கணக்கும் பணக் கணக்கும்: துப்பாக்கிச் சுடுதல் சங்கங்களின் புதிய பொருளாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஒரு மாவட்டத் துப்பாக்கிச் சுடுதல் கழகத்தின் புதிய பொருளாளர் தம் முதல் ஆண்டுக் கணக்கை என்னிடம் கொண்டுவந்து, பொதுக்குழுவில் வைக்கும் முன் ஒருமுறை பார்த்துத் தரும்படி கேட்டுக்கொண்டார். ஒவ்வொரு வவுச்சருக்கும் எண் இருந்தது. ரொக்கப் புத்தகம் நாள் தவறாமல் முடிக்கப்பட்டிருந்தது. வங்கி இருப்போடு ஒரு ரூபாய்கூட வேறுபாடு இல்லை. ஆனால் வரவுப் பக்கத்தில் 'வீரர்களிடமிருந்து நன்கொடை' என்ற தலைப்பில் ஒரு பெருந்தொகை நின்றது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் கழகத்தின் பொருளாளராக நானே எழுதிய வரியை வேறொருவர் கையெழுத்தில் பார்ப்பது போலிருந்தது எனக்கு. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த ஒரு வரிதான்.

இந்தியாவில் இந்த விளையாட்டின் நிர்வாகம் மூன்று படிகளாக அமைந்திருக்கிறது: கீழே மாவட்டக் கழகங்கள், அவற்றுக்கு மேலே மாநிலச் சங்கங்கள், உச்சியில் 1951இல் தொடங்கப்பட்ட இந்திய தேசிய ரைபிள் சங்கம். மக்களவையின் முதல் சபாநாயகர் ஜி.வி. மாவலங்கர் அதன் தொடக்கத்தில் முன்னின்றவர்; அவர் பெயரில் நடக்கும் போட்டியில் சுட்டுத் தேறியே நம் வீரர்களில் பலர் தேசியப் போட்டிக்குப் போகிறார்கள். நிதி வெளிப்படைத்தன்மை என்றதும் எல்லோரும் டெல்லியைத்தான் பார்க்கிறார்கள். டெல்லியில் அச்சாகும் எண்களில் பெரும்பகுதி, ஏதோ ஓர் ஊரின் சுடுதளத்தில், மர மேசை ஒன்றின் மீது பிறந்தவை என்பதை மறந்துவிடுகிறோம்.

ரசீது கொடுக்க வேண்டும், ரொக்கத்தை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, கூட்டல் சரியாக இருக்க வேண்டும் என்பவற்றையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை தெரியாதவர் பொருளாளராக நிற்கவே கூடாது.

தோட்டாவை வாங்கிய அன்றே செலவாக எழுதிவிடுவது

கால்பந்துக் கழகத்துக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு இதில்தான் இருக்கிறது. நம் கழகம் மொத்தமாகச் சரக்கு வாங்கி, பூட்டி வைத்து, சிறிது சிறிதாக உறுப்பினர்களுக்குக் கொடுத்துப் பணம் பெறுகிறது. பாயின்ட் 22 (0.22 அங்குல விட்ட) தோட்டா 50 கொண்ட பெட்டிகளாக வருகிறது. ஷாட்கன் தோட்டா 25 கொண்ட பெட்டிகளாக வருகிறது. ஏர் ரைபிளுக்கான பெல்லட் என்னும் சிறு ஈயக் குண்டு, டப்பாக்களில் வருகிறது. நல்ல போட்டித் தோட்டா பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கு என்பதால் ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ பெரிய அளவில் வாங்க வேண்டியிருக்கிறது. ஆகவே மார்ச் 31 அன்று ஆர்மரி எனப்படும் ஆயுத அறைக்குள் இருக்கும் இரும்பு அலமாரியில் கழகத்தின் சொத்தில் கணிசமான பங்கு அடைந்து கிடக்கும்.

பொருளாளராகப் பொறுப்பேற்ற முதல் ஆண்டில், கொள்முதல் தொகை முழுவதையும் 'போட்டி மற்றும் பயிற்சிச் செலவு' என்று எழுதி முடித்தேன். சொத்தையும் கடனையும் காட்டும் என் ஐந்தொகையில் சரக்கிருப்பு என்ற சொல்லே இல்லை. அதே நேரத்தில் ஆயுதச் சட்டத்தின் தேவைக்காக ஆயுத அறைக்குப் பொறுப்பான எங்கள் ஆர்மரர் தனியாக ஒரு பதிவேடு வைத்திருந்தார். அவர் ஓய்வுபெற்ற ஹவில்தார். எந்தத் தேதியில் எந்த உறுப்பினருக்கு எத்தனை தோட்டா கொடுக்கப்பட்டது, எத்தனை சுடப்பட்டது, எத்தனை திரும்பியது, எத்தனை வெற்று உறை வந்தது என்று அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவார். அந்தப் பதிவேட்டைக் காவல்துறை பார்த்தது, மாவட்ட நிர்வாகம் பார்த்தது. நான் மட்டும் பார்க்கவில்லை. அது போலீஸ்காரர்களுக்கான ஏடு, இது தணிக்கையாளருக்கான ஏடு என்று நினைத்திருந்தேன்.

பொதுக்குழுவில் கடைசி வரிசையிலிருந்து ஓர் உறுப்பினர் எழுந்தார். "ஹவில்தார் ஐயாவின் புத்தகத்தில் மார்ச் 31 அன்று 11,000 தோட்டாவுக்கு மேல் இருப்பு இருக்கிறது, உங்கள் கணக்கில் ஒன்றுகூட இல்லை, அப்படியானால் அந்தத் தோட்டாக்கள் யாருடையவை?" என்று கேட்டார். கேள்வியில் குதர்க்கம் இல்லை. என்னிடம் பதிலும் இல்லை. ஐந்து நிமிடம் ஏதோ விளக்கினேன். விளக்க விளக்கக் கூட்டத்தில் முணுமுணுப்புதான் கூடியது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்றும் என்னை உறுத்துகிறது. ஒரு தோட்டாகூடக் காணாமல் போகவில்லை. ஆனால் கணக்கில் இல்லாத சரக்கு அலமாரியில் இருக்கிறது என்ற செய்தி, 'கணக்கில் வராத தோட்டா' என்று பெயர் மாறி ஊருக்குள் போனது. பெட்டியைத் தொடுகிறவர் ஹவில்தார்தான் என்பதால் சந்தேகமும் அவர்மேல்தான் விழுந்தது. மூன்று ஆண்டுப் பதிவேட்டையும் கொள்முதல் பில்களையும் ஒப்பிட்டு அவர் எழுதியது எல்லாம் சரி என்று நிறுவ எங்களுக்கு எட்டு மாதம் பிடித்தது. அறிக்கை வந்த வாரத்திலேயே அவர் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டு விலகிக்கொண்டார். தவறான ஏட்டை எழுதியவன் பொருளாளராகத் தொடர்ந்தேன். சரியான ஏட்டை எழுதியவர் வீட்டுக்குப் போனார்.

பண இழப்பும் உண்டு. வீரர்களுக்குத் தோட்டாவை அடக்க விலையைவிடச் சற்றுக் குறைத்தே கொடுத்தோம். அந்தப் பணத்தை 'விற்பனை' என்று எழுதினால் கழகம் வணிகம் செய்கிறது என்று வரித்துறை சொல்லிவிடுமோ என அஞ்சி, மூத்த உறுப்பினர் ஒருவரின் யோசனைப்படி 'நன்கொடை' என்று எழுதினேன். ரசீதில் பெயர் எழுதும் வழக்கமும் அப்போது இல்லை. நாள் முடிவில் மொத்தமாக ஒரே ரசீது. பெயரும் முகவரியும் இல்லாமல் ஓர் அறநிறுவனம் வாங்கும் நன்கொடை, அப்போது நடப்பில் இருந்த 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 115பிபிசி பிரிவின்படி அநாமதேய நன்கொடை ஆனது. மொத்த நன்கொடையில் 5 விழுக்காடு அல்லது 1 லட்சம் ரூபாய், இவற்றில் எது அதிகமோ அதற்கு மேற்பட்ட தொகைக்கு 30 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. நாங்கள் நட்டத்துக்கு விற்ற தோட்டாவுக்கு, அதை வருமானமாகக் காட்டி, வரி கட்டினோம். சுடுமேடைக்குக் கூரை போட வைத்திருந்த பணம் அதில் போயிற்று. அடுத்த இரண்டு கோடைகளிலும் எங்கள் சிறுவர்கள் வெயிலில் படுத்துத்தான் சுட்டார்கள்.

இதில் பெரிய வேடிக்கை, அந்த அச்சமே தேவையற்றது என்பதுதான். பொதுநல நோக்கமுடைய அமைப்புகளின் வணிகத் தன்மையுள்ள வரவு, மொத்த வரவில் 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு பின்னாளில் வந்தது உண்மை. ஆனால் 2022 அக்டோபரில் அகமதாபாத் நகர்ப்புற வளர்ச்சி ஆணைய வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அடக்க விலைக்கோ அதற்குமேல் சிறிதளவு கூட்டியோ பெறும் தொகையைப் பொதுவாக வணிகமாகக் கருத வேண்டியதில்லை என்று கூறியிருக்கிறது. அடக்க விலைக்குத்தான் கொடுத்தோம் என்று காட்ட என்ன வேண்டும்? கொள்முதல் விலை, கொடுத்த எண்ணிக்கை, மீதி இருப்பு, அதாவது சரக்குக் கணக்கு. எதை மறைப்பது பாதுகாப்பு என்று நினைத்தோமோ, அதுதான் எங்களைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரே சான்று.

ஆகவே புதியவர்களுக்கு நான் வற்புறுத்துவது இது. தோட்டாவுக்குத் தனிப் பேரேடு திறக்கவேண்டும். அதில் ரூபாய் ஒரு பத்தியிலும் எண்ணிக்கை ஒரு பத்தியிலும் ஓடவேண்டும். மாதக் கடைசிச் சனிக்கிழமை ஆர்மரரும், பொருளாளரும், செயற்குழுவில் இல்லாத ஒரு வீரரும் சேர்ந்து பெட்டிகளை எண்ணி, இரண்டு ஏடுகளிலும் கையெழுத்திட வேண்டும். அந்த மூன்றாவது கையெழுத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சுட்ட எண்ணிக்கையைச் சரிபார்க்க மதிப்பெண் தாளே போதும். பறக்கும் களிமண் தட்டுகளை ஷாட்கனால் சுடும் டிராப் போட்டியின் தகுதிச் சுற்றில் ஒரு வீரருக்கு 125 தட்டுகள் எறியப்படும்; ஒரு தட்டுக்கு இரண்டு முறை வரை சுடலாம். எனவே செலவு 125க்குக் குறையாது, 250ஐத் தாண்டாது. தட்டுகளைச் சுடும் இன்னொரு போட்டியான ஸ்கீட்டில் தட்டுக்கு ஒரே தோட்டா. படுத்துச் சுடும் 50 மீட்டர் ரைபிள் போட்டியில் 60 தோட்டாவும், அதற்கு முன் குறி சரிபார்க்கச் சுடுபவையும் கணக்கில் வரும். ஒரு மாநிலப் போட்டியின் தகுதிச் சுற்றுக்கு ஓர் அணி ஆளுக்கு 400 ஷாட்கன் தோட்டா என்று கணக்கு கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். பயிற்சிக்குச் சுட்டது என்றார்கள். அப்படியானால் பயிற்சி என்று தனியாக எழுதியிருக்க வேண்டும். வெற்று உறைகளையும் மறக்க வேண்டாம். பித்தளை, பழைய இரும்புக் கடையில் கிலோக்கணக்கில் விலைபோகும். அந்த வரவு எந்தக் கணக்கிலும் இல்லாத கழகங்களே அதிகம்.

மானியத்தைப் பொதுக் கணக்கில் கலப்பது

அரசு மானியம் ஒரு குறிப்பிட்ட வேலைக்காக வருவது. மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளின்படி, அதற்கு 12ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்தாக வேண்டும். செலவாகாமல் வங்கியில் கிடந்தபோது சேர்ந்த வட்டியையும் அரசுக்கே திருப்பிச் செலுத்த வேண்டும். பொதுக் கணக்கில் கலந்துவிட்டால் எந்த வட்டி மானியத்தினுடையது, எது உறுப்பினர் சந்தாவினுடையது என்று பிரித்துக்காட்ட முடியாது. சான்றிதழ் தாமதமாகும், அடுத்த தவணை நிற்கும், தவணை நின்றால் பயிற்சி முகாம் தள்ளிப்போகும். முகாமை இழந்த பதினாறு வயது வீரருக்கு 12ஏ என்றால் என்னவென்று தெரியாது. சங்கத்தில் ஊழல் என்றுதான் அவர் நினைப்பார். அப்படி நினைப்பதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது.

முன்பணம் கொடுத்த நாளே செலவு எழுதுவது

போட்டிக்குப் போன அணி மேலாளர் திரும்பிவந்து பில் கொடுக்கும்வரை அந்த முன்பணம் அவர் பெயரில் நிற்கும் கடன்.

விற்பவரும் ஒப்புதல் தருபவரும் ஒருவராக இருப்பது

துப்பாக்கி, தோட்டா, மின்னணு இலக்குப் பலகை ஆகியவற்றை விற்பவர்கள் இந்நாட்டில் மிகச் சிலர். அவர்களில் சிலர் சங்கங்களின் செயற்குழுக்களிலும் இருப்பார்கள். பயிற்றுநர் சிலர் சொந்தப் பயிற்சிக்கூடம் நடத்துவார்கள். இதை முற்றிலும் தடுக்க முடியாது. தொடர்பை எழுத்தில் அறிவிப்பதையும், அந்தத் தீர்மானம் வரும்போது அவர் அறையைவிட்டு வெளியே போவதையும், போன நேரம் நடவடிக்கைக் குறிப்பில் பதிவாவதையும் கட்டாயமாக்கலாம். எங்கள் கூட்டத்தில் முதன்முறை இதைக் கேட்டபோது, "என்னை நம்பவில்லையா?" என்று ஒருவர் கோபித்துக்கொண்டு மூன்று மாதம் பேசவில்லை.

பெரிய அமைப்புகளில் இது எப்படி முற்றும் என்பதற்கு, 1871இல் குறிபார்த்துச் சுடும் திறனை வளர்ப்பதற்காக நியூயார்க்கில் தொடங்கி இன்று அரசியல் அமைப்பாகவே அறியப்படும் அமெரிக்கத் தேசிய ரைபிள் சங்கத்தைப் பார்க்கலாம். நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் லெட்டீசியா ஜேம்ஸ் 2020 ஆகஸ்டில் அதன்மீது வழக்குத் தொடுத்தார். உயர் நிர்வாகியின் செலவுகள் பல, சங்கத்தின் விளம்பர நிறுவனமான ஆக்கர்மன் மக்வீன் அனுப்பிய பில்களின் வழியாகச் சங்கத்தின் தலையில் ஏறின என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. சங்கம் 2021 ஜனவரியில் டெக்சாஸில் திவால் மனு போட்டது; அது நல்லெண்ணத்துடன் போடப்பட்டதல்ல என்று மே மாதம் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2024 பிப்ரவரியில், நெடுநாள் தலைமை நிர்வாகியான வெய்ன் லாபியர் சங்கத்துக்கு 54 லட்சம் டாலர் இழப்பு ஏற்படுத்தினார் என்று ஜூரி முடிவுசெய்தது. ஏற்கெனவே திருப்பிய தொகை போக 43 லட்சம் டாலருக்கு மேல் அவர் செலுத்த வேண்டியிருந்தது. எழுபதுக்கும் மேற்பட்ட இயக்குநர்கள் இருந்த அமைப்பு அது. நம் செயற்குழுவில் பதினைந்து பேர் இருக்கிறார்கள் என்பதால் கணக்கு பார்க்கப்படுகிறது என்று எண்ணிவிட வேண்டாம். ஒப்பந்ததாரரின் பில்லில் 'இதர செலவுகள்' என்று ஒரு வரி இருந்தால் அதன் உட்பிரிவைக் கேட்டு வாங்குங்கள்; பயண முகவரின் பில்லானால் இரண்டு முறை கேளுங்கள்.

"நாங்கள் தனியார் அமைப்பு" என்று பதில் எழுதுவது

ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் மானியம் பெறும் தேசிய விளையாட்டுச் சங்கங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வரம்புக்குள் விளையாட்டு அமைச்சகம் 2010இலேயே கொண்டுவந்துவிட்டது. 2025 ஆகஸ்டில் நிறைவேறிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டமும், அரசு நிதி பெறும் அங்கீகரிக்கப்பட்ட அமைப்புகளை அந்த நிதியின் பயன்பாட்டைப் பொறுத்தமட்டில் அவ்வாறே கருதுகிறது. மாவட்டக் கழகம் அந்த வரம்புக்குள் நேரடியாக வராமல் போகலாம். ஆனால் உங்கள் வீரரின் பெற்றோர் கேட்கும் கேள்விக்குச் சட்டப் பிரிவைத் தேடிப் பதில் மறுப்பதற்குச் செலவாகும் நேரத்தில் பேரேட்டின் அந்தப் பக்கத்தை நகலெடுத்துக் கொடுத்துவிடலாம்.

பொதுக்குழுவன்று காலையில் கணக்கைக் கையில் கொடுப்பது

யாரும் படிக்கக்கூடாது என்று நினைப்பவர்தான் அப்படிச் செய்வார்.

வங்கியில் பழைய கையெழுத்தை மாற்றாமல் விடுவது

தேர்தல் முடிந்த மறுநாள் வேலை நாளாக இருந்தால் மறுநாளே போங்கள். ஆர்மரியின் சாவிக்கும் இதே விதிதான்.