‘நிறுவனத்துக்குச் செலவில்லை’ என்று எழுதும் முன்: வெளிநாட்டு மாநாட்டுக் கோப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியோ தரமணியோ கல்பாக்கமோ, மத்திய அரசு ஆய்வகம் எதுவானாலும் பொங்கல் முடிந்த கையோடு கோடைகால மாநாடுகளுக்கான கோப்புகள் நகரத் தொடங்கிவிடும். முதல்முறை போகிறவர்களின் கோப்பைப் பிரித்தால் அதில் இருப்பதெல்லாம் பழைய தவறுகள்தான். அவர்களுக்கு முன்னால் போனவர்கள் செய்து, திட்டு வாங்கி, திருத்திக்கொண்டவை. கையெழுத்து விட்டுப்போனது, தேதி போடாதது போன்றவற்றை செக்ஷனிலேயே யாராவது சுட்டிக்காட்டிவிடுவார்கள். அவை இங்கே வேண்டாம். யாருக்கு எந்த அதிகாரம் என்பதும் துறைக்குத் துறை மாறும்: சிஎஸ்ஐஆரில் (அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுமம்) ஒரு மாதிரி, அணுசக்தித் துறையில் ஒரு மாதிரி. எல்லா இடத்திலும் காலை வாருகிறவை மட்டும் கீழே.

‘செலவில்லை, எனவே அனுமதிக்கலாம்’

அழைப்புக் கடிதத்தில் ‘தங்குமிடமும் உணவும் எங்கள் பொறுப்பு’ என்று ஒரு வரி. சில சமயம் விமான டிக்கெட்டும் அவர்களே தருகிறார்கள். விஞ்ஞானி இயக்குநருக்கு வைக்கும் குறிப்பில் முத்தாய்ப்பாக எழுதுகிறார்: ‘இப்பயணத்தால் நிறுவனத்துக்கு எந்தச் செலவும் இல்லை, எனவே அனுமதி வழங்கலாம்.’ அந்த ‘எனவே’தான் கோளாறு.

முழுச்செலவையும் இந்திய அரசோ அதன் நிறுவனமோ ஏற்கும் பயணத்துக்கு உள்துறை அமைச்சகத்திடம் விருந்தோம்பல் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வெளிநாட்டவர் இரண்டு இரவு அறை வாடகை கட்டினால் கேட்க வேண்டும். 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 6ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. எம்பி, எம்எல்ஏ, நீதிபதி, அரசு ஊழியர் ஆகியோரோடு, அரசுக்குச் சொந்தமான அல்லது அரசின் கட்டுப்பாட்டில் உள்ள அமைப்புகளின் ஊழியர்களும் அந்தப் பிரிவுக்குள் வருகிறார்கள். ‘நான் சொசைட்டி சட்டத்தில் பதிவான தன்னாட்சி நிறுவனத்தின் ஊழியர், அரசு ஊழியர் இல்லையே’ என்று வாதாடுகிறவர்கள் இந்தக் கடைசிப் பகுதியைப் படிப்பதில்லை.

எது விருந்தோம்பல்? வெளிநாடு போய்வரும் செலவு, இலவச உணவு, தங்கல், போக்குவரத்து, மருத்துவச் சிகிச்சை. ரொக்கமாகத் தந்தாலும் பொருளாகத் தந்தாலும் கணக்கு ஒன்றே. தற்செயலானவற்றைச் சட்டமே விலக்கிவிடுகிறது. மாநாட்டு இடைவேளைக் காபிக்கு யாரும் அனுமதி கேட்கச் சொல்லவில்லை. ஆனால் ‘டிக்கெட் நிறுவனத்தின் செலவு, அறை மட்டும்தான் அவர்களுடையது’ என்பதும் விருந்தோம்பல்தான். பாதியைப் பெற்றால் அனுமதி வேண்டாம் என்பது புதியவர்களிடம் வேரோடிப்போன நம்பிக்கை.

இந்த அனுமதிக்கான படிவம் எஃப்சி-2. உள்துறையின் இணையதளத்தில் நிரப்ப வேண்டும். எந்த நாடு, எந்த ஊர், எத்தனை நாள், விருந்தளிப்பவர் யார், என்ன தருகிறார், அதன் உத்தேச மதிப்பு என்ன என்பதையெல்லாம் கேட்கும். அழைப்புக் கடிதத்தை இணைக்க வேண்டும். பயணம் புறப்படும் நாளுக்குச் சாதாரணமாக இரண்டு வாரம் முன்னதாக விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும் என்கிறது விதி. இதை ‘இரண்டே வாரத்தில் கிடைத்துவிடும்’ என்று படிக்காதீர்கள். அது விண்ணப்பத்துக்கான கடைசி எல்லை மட்டுமே.

இந்தத் தவறு எப்படி விரிகிறது என்பதற்கு வழக்கமான ஒரு கோப்பு. ஜூன் இரண்டாம் வாரம் மாநாடு. மார்ச்சில் அழைப்பு வருகிறது. ‘செலவில்லை’ குறிப்போடு ஏப்ரலில் இயக்குநர் கையெழுத்து. செலவே இல்லை என்றதால் நிதிப் பிரிவுக்குக் கோப்பு போகவே இல்லை. போயிருந்தால் அங்கேயே யாராவது ‘பணம் யாருடையது?’ என்று கேட்டிருப்பார்கள். அழைத்தவர்கள் திரும்பப் பெற முடியாத டிக்கெட்டை வாங்கி அனுப்பிவிடுகிறார்கள். விசாவும் கிடைத்துவிடுகிறது. மே கடைசியில், டெபுடேஷன் ஆணை (வெளிநாடு அனுப்பும் ஆணை) தட்டச்சாகும் நேரத்தில், நிர்வாக அதிகாரி கடிதத்தை நிதானமாகப் படித்துவிட்டு ‘எஃப்சி-2 எங்கே?’ என்கிறார். இப்போது இருக்கும் வழிகள் இரண்டு. உள்துறை பதிலுக்காகக் காத்திருந்து மாநாட்டையே தவறவிடலாம். அல்லது விருந்தோம்பலை மறுத்துவிட்டு நிறுவனத்திடம் பணம் கேட்கலாம். ஆனால் ‘செலவில்லை’ என்று எழுதிய கோப்பில் பட்ஜெட் தலைப்பே கிடையாது. அதைச் சேர்க்கக் குறிப்பைத் திருத்தி, நிதிப் பிரிவின் ஒப்புதல் வாங்கி, மறுபடி கையெழுத்து பெற வேண்டும். அதற்குள் டிக்கெட் விலை எங்கோ போயிருக்கும். விருந்தளித்தவருக்கோ வாங்கிய டிக்கெட் வீண். அடுத்த முறை அழைக்க யோசிப்பார்.

யாரும் கவனிக்காமல் போய்வந்துவிட்டால் அதைவிட மோசம். பயணப்படி பில்லோடு அதே அழைப்புக் கடிதத்தை அவரே இணைத்துத் தருவார். தணிக்கைக்காரர் அந்த வரியைப் படிப்பார். சட்டத்தில் இருக்கும் சொல் ‘முன் அனுமதி’; திரும்பி வந்து பின்தேதியில் சரிசெய்யும் விஷயம் இது இல்லை. மீறலுக்கு ஐந்து ஆண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும் என்று 35ஆவது பிரிவு சொல்கிறது. மாநாட்டுக்குப் போனவரை யாரும் சிறையில் தள்ளப் போவதில்லை என்றாலும், பதவி உயர்வுக்கான விஜிலன்ஸ் கிளியரன்ஸ் (மேல் புகார் எதுவும் இல்லை என்ற சான்று) நேரத்தில் இப்படியொரு தாள் கோப்பில் கிடப்பது நல்லதில்லை.

இன்னொரு குழப்பம், ஐ.நா. முத்திரை. ஐ.நா.வும் அதன் சிறப்பு முகமைகளும், உலக வங்கியும், ஐஎம்எஃப்பும், அரசு அறிவிக்கும் வேறு சில அமைப்புகளும் இந்தச் சட்டப்படி ‘வெளிநாட்டு மூலம்’ ஆகாது. ஆனால் சுவரொட்டியில் யுனெஸ்கோ சின்னம் இருக்கும். அறை வாடகையைக் கட்டுவது ஒரு தனியார் அறக்கட்டளையாக இருக்கும். சின்னத்தைப் பார்க்காமல் பணம் யார் கணக்கிலிருந்து வருகிறது என்று கேளுங்கள்.

ஆகவே வேலை தொடங்க வேண்டிய இடம் அழைப்புக் கடிதம். மங்கலான கடிதம் வந்தால் வாங்கி வைத்துக்கொள்ளாமல் உடனே பதில் எழுதித் தெளிவான கடிதம் கேளுங்கள். விமானக் கட்டணம் யார் தருகிறார், டிக்கெட்டாகவா பிறகு பணமாகவா. அறை எந்தத் தேதியிலிருந்து எத்தனை இரவு. மூன்று வேளை உணவுமா, மதியம் மட்டுமா. விமான நிலையத்திலிருந்து வண்டி உண்டா. பதிவுக் கட்டணம் தள்ளுபடியா. எல்லாம் சேர்த்து உத்தேசமாக எத்தனை யூரோ. அந்தப் பணத்தின் மூலம் எது. இத்தனையும் கடிதத்தாளில், கையெழுத்தோடு வர வேண்டும். வெளிநாட்டுப் பேராசிரியர்கள் இதற்கு முகம் சுளிப்பதில்லை. ‘எங்கள் அரசு விதிப்படி தேவை’ என்று சொன்னால் மறுநாளே அனுப்பிவிடுவார்கள். கேட்கக் கூச்சப்படுகிறவர் நம்மவர்தான்.

இதே கடிதம்தான் வெளிநாட்டில் தங்கும் நாட்களுக்கான டிஏவையும் (தினப்படி) தீர்மானிக்கிறது. வெளியுறவு அமைச்சகம் நாடுவாரியாக டாலரில் நாள்படி நிர்ணயித்திருக்கிறது. தங்கலும் உணவும் இலவசம் என்றால் அது கால் பங்காகச் சுருங்கிவிடும். முழு டிஏ கேட்டு பில் போட்டால் பிடித்தம் வரும். அதோடு விளக்கக் கடிதமும் எழுத வேண்டியிருக்கும்.

ஒரு அனுமதி இன்னொன்றுக்கு ஈடாகாது

மேலே சொன்ன உள்துறை அனுமதி ஒன்று. வெளியுறவு அமைச்சகத்தின் பாலிட்டிகல் கிளியரன்ஸ் (அரசியல் ரீதியில் ஆட்சேபமில்லை என்ற அனுமதி) இன்னொன்று. இதற்குத் தனி இணையதளம். தலைமையகமோ அமைச்சகமோ தரும் நிர்வாக ஒப்புதல் மூன்றாவது. ‘வெளியுறவு ஓகே சொல்லிவிட்டதே’ என்று மற்றதை விட்டுவிடுகிறவர்கள் வருடா வருடம் வருகிறார்கள். நிர்வாக ஒப்புதல் கைக்கு வந்ததும் மற்ற இரண்டையும் ஒரே நாளில் விண்ணப்பியுங்கள். ஒன்று வந்த பிறகு அடுத்தது என்று வரிசையில் நிறுத்தினால் நான்கு மாதமும் போதாது.

மூன்றிலும் தேதிகள் ஒன்றாக இருக்கட்டும். மாநாட்டுத் தேதியைப் போடாமல், ஊரிலிருந்து கிளம்பித் திரும்பும் வரையிலான பயணத் தேதியைப் போடுங்கள். ஒரு நாள் வித்தியாசத்துக்காகத் திருத்த ஆணை கேட்டு அலைவது தேவையில்லாத வேலை.

ஏற்பு மின்னஞ்சல் அழைப்புக் கடிதம் ஆகாது.

கட்டுரை ஏற்கப்பட்டது என்ற தானியங்கி மின்னஞ்சலைப் பார்த்து எந்த நிதிப் பிரிவும் பணம் ஒதுக்காது. உங்கள் பெயர், கட்டுரைத் தலைப்பு, மேடையில் பேசுவதா போஸ்டராக வைப்பதா என்பது மூன்றும் உள்ள கடிதம் வாங்குங்கள்.

டிக்கெட்

ஆணைக்கு முன் வாங்காதீர்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். பலரும் வழுக்குவது எங்கே வாங்குவது என்பதில். ஏர் இந்தியா கைமாறிய பிறகு, 2022 ஜூனில் செலவினத் துறை வெளியிட்ட உத்தரவுப்படி, அரசுச் செலவிலான டிக்கெட்டுக்கு மூன்றே முகவர்கள்: பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐஆர்சிடிசி. விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் இரண்டாயிரம் ரூபாய் குறைவாக இருந்தது என்பது நியாயமான வாதமாகத் தோன்றும். பில் பிரிவில் எடுபடாது. விதிவிலக்கு தரும் அதிகாரம் மேல்மட்டத்தில் சிலரிடம் மட்டுமே இருக்கிறது. அவர்களின் கையெழுத்துக்கு அலைவதைவிட அந்த இரண்டாயிரம் போகட்டும்.

பயணத்துக்கு 21 நாள் முன்பே பதிவு செய்யச் சொல்கிறது அதே உத்தரவு. 72 மணி நேரத்துக்குள் எடுத்தால் காரணம் எழுதித் தர வேண்டும். பதிவு செய்யும் நிமிடத்தில் திரையில் தெரியும் கட்டணப் பட்டியலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏன் இந்த விமானம் என்று ஆறு மாதம் கழித்துக் கேட்பார்கள். பதிவு செய்த நாளின் விலையை அப்போது எடுக்க முடியாது.

விசா

ஷெங்கன் விசாவுக்கு (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவானது) பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம்; 15 நாளுக்கும் குறைவாக இருந்தால் முடியாது. முடிவெடுக்க 15 நாள், சிக்கலான விண்ணப்பம் என்றால் 45 நாள் வரை போகும். மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. நிறுவனம் தரும் என்ஓசியில் (ஆட்சேபணையில்லாச் சான்று) ‘செலவை யார் ஏற்கிறார்’ என்ற வரியும் அழைப்புக் கடிதமும் முரண்பட்டால் விசா மேசையிலேயே சிக்கல். நீல பாஸ்போர்ட்டா, வெள்ளை நிற அலுவல் பாஸ்போர்ட்டா என்பதை விசாவுக்கு முன் தீர்மானியுங்கள். இரண்டின் வழிமுறையும் வேறு.

மாநாடு முடிந்து நான்கு நாள் ஊர் சுற்றல்

தடை ஒன்றும் இல்லை. மறைப்பதுதான் தவறு. அந்த நாட்களுக்கு விடுப்பு, தனிப்பட்ட வெளிநாட்டுப் பயண அனுமதி இரண்டையும் முதல் குறிப்பிலேயே சேர்த்துக் கேளுங்கள். தனிப்பட்ட பயண விண்ணப்பத்துக்கு 21 நாளுக்குள் பதில் தர வேண்டும், தராவிட்டால் அனுமதித்ததாகக் கொள்ளலாம் என்று பணியாளர் துறை 2015இல் சொன்னது உண்மை. அதை நம்பி ஆணை இல்லாமல் விமானம் ஏறும் தைரியம் வேண்டாம். டிஏவும் மாநாட்டு நாட்களோடு நின்றுவிடும்.

மாதிரிகளைப் பெட்டியில் போட்டு எடுத்துப் போகாதீர்கள்.

செடி, நுண்ணுயிர், திசு எதுவாக இருந்தாலும் 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்மயச் சட்டம் இருக்கிறது. அதைக் கவனிக்கும் தேசிய ஆணையமும் சென்னையில்தான். ஒரு விண்ணப்பத்தில் முடிய வேண்டியதைச் சுங்கச் சோதனை மேசைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

நாமே நடத்தும் சர்வதேச மாநாடு

சுவரொட்டியை அச்சடித்து, பேச்சாளர் பெயர்களை இணையதளத்தில் ஏற்றிவிட்டு, அப்புறம் அனுமதி கேட்பது. இங்கேயும் மூன்று வேண்டும்: அமைச்சக ஒப்புதல், வெளியுறவு அமைச்சகத்தின் பாலிட்டிகல் கிளியரன்ஸ், உள்துறையின் நிகழ்வு அனுமதி. மாநாட்டு விசாவுக்கு வெளிநாட்டுப் பேச்சாளர் விண்ணப்பிக்கும்போது இந்தக் கடிதங்களைக் கேட்பார்கள். உங்களிடம் இல்லையென்றால் அவருக்கு விசா இல்லை.

பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் முதலிய சில நாட்டவர்களுக்கு உள்துறையின் பாதுகாப்பு அனுமதி தனியாக வேண்டும். இதில் தவறவிடப்படுவது ஒன்று உண்டு: பாகிஸ்தான் வம்சாவளியினரும் அந்த வரையறைக்குள் வருவார்கள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் என்று பட்டியலில் ‘பிரிட்டன்’ போட்டு விட்டுவிடுவார்கள். அவருடைய விசா மட்டும் கடைசி வாரம் வரை வராது. எனவே அழைக்கும்போதே குடியுரிமையோடு வம்சாவளியையும் கண்ணியமாக ஒரு படிவத்தில் கேட்டு வாங்குங்கள்.

‘நேரமில்லை, டூரிஸ்ட் விசாவில் வந்துவிடுங்கள்’ என்று மின்னஞ்சல் எழுதாதீர்கள். அது உங்களுக்கு எதிராக நீங்களே தரும் சாட்சி.

திரும்பி வந்த பிறகு

முன்பணம் வாங்கியிருந்தால் பயணம் முடிந்த 15 நாளுக்குள் கணக்கு கொடுக்க வேண்டும். வாங்காவிட்டாலும் 60 நாளுக்குள் பில் போட வேண்டும். 2018க்கு முன் ஒரு வருடம் இருந்தது, மூத்தவர்கள் சிலர் இன்னும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பதிவுக் கட்டணத்தை உங்கள் கார்டில் கட்டியிருந்தால், கூகுள் காட்டிய மாற்று விகிதத்தைப் போடாதீர்கள். வங்கி பிடித்த ரூபாய் தெரியும் கார்டு அறிக்கையை இணையுங்கள்.

போர்டிங் பாஸ் கைபேசியில் இருந்தால் ஏறுவதற்கு முன்பே திரையைப் படமெடுத்து வையுங்கள். விமானம் இறங்கியதும் பல செயலிகளில் அது காணாமல் போய்விடும்.