அமெரிக்காவில் பக்கவாதம்: மொழியாலும் நிறத்தாலும் சிகிச்சை நழுவாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்கு முதல் பக்கவாதம் வரும் அபாயம் வெள்ளையரைவிட ஏறத்தாழ இரு மடங்கு. ஆனால் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியும், கட்டியைக் குழாய் விட்டு எடுக்கும் திராம்பெக்டமியும் அவர்களுக்கும் ஹிஸ்பானியருக்கும் (ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வழிவந்தவர்கள்) குறைவாகவே கிடைக்கின்றன என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. ஆம்புலன்ஸுக்குத் தயங்கியதில் கொஞ்ச நேரம், காத்திருப்பு அறையில் கொஞ்சம், பேச்சு புரியாமல் கொஞ்சம் என்று சிகிச்சைக்கான கெடு கரைந்துவிடுகிறது. மகள் வீட்டுக்கு வந்திருக்கும், ஆங்கிலம் வராத தமிழ் அம்மாவுக்கும் இதே இடங்களில்தான் நேரம் போகும்.

முதலில் நேரக் கணக்கு. ஊசிக்கு 4.5 மணி நேரம். திராம்பெக்டமிக்குத் தகுந்தவர்களுக்கு 24 மணி வரை. அறிகுறியை நீங்கள் பார்த்த நேரத்திலிருந்து எண்ண மாட்டார்கள். நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்துதான் எண்ணுவார்கள். காலை 6 மணிக்கு வாய் கோணியிருக்கிறது, இரவு 10 மணிக்குப் படுத்தார் என்றால் 8 மணி நேரம் போய்விட்டதாகவே கணக்கு. நடுவில் 3 மணிக்கு எழுந்து பாத்ரூம் போய், தெளிவாகத் தண்ணீர் கேட்டிருந்தால் போனது 3 மணி நேரம்தான். அந்த ஒரு தகவலே ஊசி கிடைப்பதை முடிவு செய்யலாம். வீட்டில் எல்லோரையும் கேட்டு, நேரத்தைத் தாளில் எழுதுங்கள்.

காரில் கூட்டிப் போகாதீர்கள். ஆம்புலன்ஸ் முன்கூட்டியே தகவல் கொடுப்பதால்தான் மருத்துவமனையில் ஸ்ட்ரோக் குழுவும் சி.டி. ஸ்கேனும் தயாராக இருக்கும். காரில் போனால் வரிசையில் உட்கார வேண்டிவரலாம். அவசர உதவி எண்ணான 911-ல் முதலில் முகவரி, அடுத்து ‘ஸ்ட்ரோக்’, அடுத்து அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரம் என்று சொல்லுங்கள். ஆங்கிலம் வராதவர் ‘டமில்’ என்று சொன்னால் பெரும்பாலான மையங்கள் தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரை இணைக்கும். காப்பீடு இல்லையே என்று தயங்க வேண்டாம். அவசரப் பிரிவுக்கு வந்தவரைப் பரிசோதித்து நிலைப்படுத்த வேண்டும் என்று 1986-ன் எம்டாலா சட்டம் சொல்கிறது. பில் பிறகு வரும். நிதியுதவி விண்ணப்பத்தை அப்போது கேட்டு வாங்கலாம். ஆஸ்பிரின், பிரஷர் மாத்திரை, காபி எதுவும் வாயில் கொடுக்காதீர்கள். ரத்தக்கசிவா அடைப்பா என்பது ஸ்கேனில்தான் தெரியும், விழுங்குவதும் தடுமாறலாம்.

அதிகம் தவறிப்போவது பேச்சில். நோயாளி பதில் சொல்லாவிட்டால் ‘ஆங்கிலம் தெரியாதவர்’ என்று ஊழியர்கள் விட்டுவிடக்கூடும். உண்மையில் மூளையின் மொழிப்பகுதி அடிபட்டிருக்கலாம். தமிழிலேயே சோதியுங்கள். இது என்ன மாதம், உங்கள் வயது என்ன என்று கேளுங்கள். கரண்டியைக் காட்டிப் பெயர் கேளுங்கள். ‘சாவி’ என்றாலோ, சொல் குழறினாலோ, கேள்வியே புரியாமல் விழித்தாலோ, “தமிழில் நேற்றுவரை சரளமாகப் பேசினார், இன்று தமிழே வரவில்லை” என்று செவிலியரிடம் ஓங்கிச் சொல்லுங்கள்.

மொழிபெயர்ப்பாளரைக் கேட்கும்போது ‘இந்தியன்’ என்று சொல்லாதீர்கள், இந்தி பேசுபவரை இணைத்துவிடுவார்கள். ‘தமிழ்’ என்றே சொல்லுங்கள். மத்திய அரசின் நிதி பெறும் மருத்துவமனைகள் இதை இலவசமாகத் தர வேண்டும். 1964 குடிமை உரிமைகள் சட்டம் (சிவில் ரைட்ஸ் ஆக்ட்) தரும் உரிமை இது. பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். ஆனால் அழைப்பு இணையும்வரை ஸ்கேன் காத்திருக்கக் கூடாது.

ஊசிக்குச் சம்மதம் கேட்கும்போது பயத்தில் மறுப்பவர்கள் உண்டு. 1995-ல் வந்த முக்கிய ஆய்வில் ஊசி போட்ட 100 பேரில் ஏறத்தாழ 6 பேருக்கு மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டது. அந்த அபாயத்தையும் கணக்கில் எடுத்த பிறகும், 3 மாதம் கழித்துப் பெரிய ஊனமில்லாமல் இருந்தவர்கள் ஊசி போட்டவர்களிலேயே அதிகம். இரு கணக்கையும் தமிழில் சொல்லச் சொல்லி, உடனே முடிவெடுங்கள். ரத்த அழுத்தம் 185/110-க்குக் கீழே வராமல் ஊசி போட மாட்டார்கள்; அதனால் தாமதமானால், குறைக்க என்ன மருந்து போகிறது என்று கேளுங்கள்.

ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் இன்னொரு கேள்வி பாக்கி: “பெரிய ரத்தக்குழாய் அடைத்திருக்கிறதா? சி.டி. ஆஞ்சியோ எடுத்தாயிற்றா?” (ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன் அது.) அடைப்பு இருந்து அங்கே திராம்பெக்டமி வசதி இல்லையென்றால், எந்த மருத்துவமனைக்கு, எத்தனை மணிக்கு வண்டி என்று கேளுங்கள். உள்ளே வந்து வெளியே அனுப்ப 120 நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது என்பது பரிந்துரை. கறுப்பின, ஹிஸ்பானிய நோயாளிகள் இந்த இடத்தில்தான் மற்றவர்களைவிட அதிக நேரம் காத்திருக்கிறார்கள். கூச்சப்படாமல் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேளுங்கள்.