ரயிலும் கப்பலும்: பொது அறிவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும் பள்ளி ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதுபவர்களும் போக்குவரத்து வரலாற்றில் செய்யும் தவறுகள் பெரும்பாலும் ஒரே வகையைச் சேர்ந்தவை. ஆண்டும் ஊரும் சரியாகவே இருக்கும். அந்தச் செய்தி எந்த எல்லைக்குள் உண்மையோ அந்த எல்லை மட்டும் விடுபட்டிருக்கும்.

“இந்தியாவின் முதல் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று ஓடியது” என்ற வாக்கியத்தையே எடுத்துக்கொள்ளலாம். பம்பாயின் போரிபந்தரிலிருந்து தானே வரை, ஏறத்தாழ 34 கிலோமீட்டர் ஓடிய அந்த வண்டி இந்தியாவின் முதல் பயணிகள் ரயில். பயணிகள் என்ற சொல்லை விட்டுவிட்டால் செய்தி தவறாகிவிடும். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1837இல், சென்னையை அடுத்த செங்குன்றம் பகுதியிலிருந்து சாலை போடுவதற்கான கல்லை ஏற்றி வர ஓர் இருப்புப்பாதை இருந்தது. ரூர்க்கி அருகே கால்வாய்க் கட்டுமானத்திற்காக 1851இல் நீராவி எஞ்சினே ஓடியது. எனவே எதன் முதல், யாருக்கான முதல் என்பதைச் சேர்த்து எழுதுவதே முறை.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயிலைப் பற்றி எழுதும்போது தேதியும் இடமும் சேர்ந்து குழம்புகின்றன. ராயபுரம் நிலையம் 1856 ஜூன் 28 அன்று திறந்துவைக்கப்பட்டது; பொதுமக்களுக்கான சேவை தொடங்கியது ஜூலை 1ஆம் தேதி. திறப்பு விழாவையும் சேவைத் தொடக்கத்தையும் ஒரே நாளாக எழுதுவது சரியன்று. அந்த ரயில் சென்ற வாலாஜா ரோடு, இன்றைய ராணிப்பேட்டை மாவட்டத்தில் உள்ள ரயில் நிலையம். சேப்பாக்கம் வழியாகச் செல்லும் சென்னை வாலாஜா சாலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. பெயர் ஒற்றுமையால் ராயபுரத்திலிருந்து சேப்பாக்கத்திற்கு ரயில் விட்டதாகப் புரிந்துகொள்ள இடமுண்டு என்பதால், மாவட்டப் பெயரையும் சேர்த்து எழுதுவது நல்லது.

தவறுகள் மிகுதியாகத் திரண்டிருப்பது பாம்பனிலும் தனுஷ்கோடியிலும்தான். இலங்கைப் பயணிகளுக்கான “போட் மெயில்” ரயிலின் பெயரைக் கேட்டதும் ரயிலே கடலைக் கடந்து இலங்கைக்குச் சென்றதாகச் சிலர் எழுதிவிடுகிறார்கள். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்படும் வரை பயணிகள் தூத்துக்குடி வரை ரயிலில் வந்து, அங்கிருந்து கப்பலில் கொழும்பு சென்றார்கள். பாலம் வந்த பிறகு ரயில் தனுஷ்கோடி வரை சென்றது. அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், பிறகு மீண்டும் ரயில். பாலம் இணைத்தது இந்தியப் பெருநிலத்தையும் இராமேசுவரம் தீவையும் மட்டுமே.

1964 டிசம்பர் புயலில் பாம்பன் பாலத்திலிருந்து ரயில் கடலில் விழுந்தது என்பது இன்னும் பரவலான தவறு. 653ஆம் எண் பயணிகள் ரயில் பாம்பனிலிருந்து புறப்பட்டு, தீவின் மறுகோடியில், தனுஷ்கோடியை நெருங்கிய வேளையில்தான் பேரலையில் அடித்துச் செல்லப்பட்டது. அதே புயலில் பாம்பன் பாலத்தின் இரும்பு உத்தரங்களில் பெரும்பாலானவை கடலுக்குள் போயின. கப்பலுக்கு வழிவிடும் நடுப்பகுதி மட்டும் தப்பியது. ஒரே புயலின் இரு தனித்தனி அழிவுகளை மக்கள் நினைவு ஒன்றாக்கிவிட்டது. ஆறு மாதம் ஆகும் என்று கணக்கிடப்பட்ட சீரமைப்பை ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையிலான குழு 46 நாட்களில் முடித்தது பாம்பன் பாலத்தில்தான். தனுஷ்கோடிக்கான பாதை மீண்டும் போடப்படவே இல்லை. இந்த வேறுபாட்டைக் காட்டாமல் எழுதினால், ஓர் ஊரே அழிந்துபோன துயரம் ஒரு பாலத்தின் சாதனைக் கதைக்குள் மறைந்துவிடுகிறது.

இத்தகைய செய்திகளில் உயிரிழப்பு எண்ணிக்கையை எழுதும்போது தனிக் கவனம் வேண்டும். பயணச்சீட்டு வாங்கியவர்களின் எண்ணிக்கையும் வண்டியில் உண்மையில் இருந்தவர்களின் எண்ணிக்கையும் ஒன்றல்ல. மறுநாள் நாளிதழில் வரும் எண் மீட்புப் பணி நடக்கும்போதே தரப்பட்டது. நள்ளிரவை ஒட்டிய நிகழ்வு என்பதால் தேதியும் டிசம்பர் 22 என்றும் 23 என்றும் மாறி மாறி வருகிறது. “22ஆம் தேதி இரவு” என்று எழுதினால் குழப்பம் நீங்கும்.

படங்களிலும் தவறு நேர்கிறது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்தைப் பற்றிய கட்டுரைக்குப் பழைய பாலத்தின் படத்தையோ, அருகிலுள்ள சாலைப் பாலத்தின் படத்தையோ போட்டுவிடுகிறார்கள். கண்ணால் பார்த்தே பிரித்தறியலாம். பழைய பாலத்தில் பணியாளர்கள் நெம்புகோல்களைச் சுற்ற, நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து இரு இறக்கைகளாக மேலெழுந்தது. புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி முழுவதும் படுக்கை நிலையிலேயே செங்குத்தாக உயரும்.

அரியலூர் ரயில் விபத்துக்குப் பொறுப்பேற்று அன்றைய ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார் என்பது சரி. ஆயினும் 1956 நவம்பரில் நடந்த அந்த விபத்துக்கு முன்பே, மகபூப்நகர் விபத்தின்போதே அவர் விலக முன்வந்ததையும், நேரு அதை ஏற்காததையும் சேர்த்தால்தான் அந்த விலகலின் முழு எடை விளங்கும்.

வ.உ.சிதம்பரனாரின் வாழ்க்கையை எழுதுபவர்கள் அன்பின் மிகுதியால் தவறுகிறார்கள். அவரை அந்தமான் சிறையில் வாடியவராகவும், நாற்பது ஆண்டுச் சிறை அனுபவித்தவராகவும் எழுதுகிறார்கள். 1908இல் விதிக்கப்பட்டவை இரண்டு ஆயுள் நாடுகடத்தல் தண்டனைகள். மேல்முறையீட்டில் அவை குறைக்கப்பட்டன. அவர் இருந்த சிறைகள் கோவையும் கண்ணனூரும். விடுதலையானது 1912 டிசம்பரில். 1906இல் பதிவான சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் உரிமையாளர் அவர் என்பதும் சரியன்று. பாண்டித்துரைத் தேவர் தலைவராக இருந்த அந்தப் பங்கு நிறுவனத்தில் வ.உ.சி. வகித்தது உதவிச் செயலாளர் பொறுப்பு. பங்குகளை விற்று, பணம் திரட்டி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விடச் செய்தது அந்தப் பொறுப்பில் இருந்தபடிதான்.