டிஸ்க்கைப் போட்டால் ஒன்றும் வரவில்லையா? லினக்ஸில் நான் தேடும் வரிசை

பழைய புகைப்படங்கள் இருந்த டிவிடியைப் போட்டேன். டிரைவ் கிர்ரென்று சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. திரையில் ஒன்றும் வரவில்லை. கோளாறு லினக்ஸில்தான் என்று முடிவு கட்டி, ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து சிஸ்டத்தையே புதிதாக நிறுவினேன். கடைசியில் பார்த்தால் லென்ஸில் தூசி!

இப்போதெல்லாம் முதலில் பார்ப்பது, கணினிக்கு டிரைவ் தெரிகிறதா என்பதைத்தான். டெர்மினலில் எல்எஸ்பிஎல்கே (lsblk) கட்டளை கொடுத்தால் எஸ்ஆர்0 (sr0) என்று ஒரு வரி வர வேண்டும்; டிஸ்க் டிரைவுக்கு லினக்ஸ் வைக்கும் பெயர் அது. வரவில்லையா, பயாஸில், அதாவது கணினி தொடங்கும்போதே திறக்கக்கூடிய அமைப்புத் திரையில் பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் லினக்ஸைத் திட்டிப் பயனில்லை. கணினியை அணைத்துவிட்டு, டிரைவின் சாட்டா கேபிளையும் (தரவு போகும் கேபிள்) மின் கேபிளையும் கழற்றி மாட்டுங்கள். யூஎஸ்பி டிரைவ் என்றால் ஹப் வேண்டாம், நேராகக் கணினியில் செருகுங்கள். யூஎஸ்பி 2.0 போர்ட் தருவதே 500 மில்லிஆம்பியர்; டிஸ்க் வேகமெடுக்கும்போது அது போதாமல் போகலாம்.

டிரைவ் தெரிகிறது, டிஸ்க்தான் திறக்கவில்லை என்றால் லினக்ஸின் மையப்பகுதியான கர்னல் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். கர்னல் செய்திகளைக் காட்டும் dmesg கட்டளையை சூடோவோடு (sudo, நிர்வாகி உரிமை தருவது) ஓடவிட்டு, அப்புறம் டிஸ்க்கை உள்ளே தள்ளுங்கள். மைனஸ் டபிள்யூ (-w) சேர்த்தால் செய்திகள் வர வர ஓடும். 'மீடியம் எரர்' என்று வந்தால் டிஸ்க்கோ லென்ஸோ, இரண்டில் ஒன்று. நல்ல டிஸ்க் ஒன்றைப் போட்டால் எது என்று தெரிந்துவிடும். சிடி ஓடுகிறது, டிவிடி மட்டும் மக்கர் என்றால் லேசர் மீது சந்தேகப்படலாம்: சிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650. எனக்கு இரண்டுமே ஓடவில்லை.

லேப்டாப் டிரைவில் தட்டை இழுத்தாலே லென்ஸ் கண்ணுக்குத் தெரியும். கணினியை அணைத்துவிட்டு, பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைக் கொஞ்சமாகத் தொட்டு, அழுத்தாமல் துடைத்துக் காயவிடுங்கள். டிஸ்க்கை நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் தேய்த்துக் கீறல் விழுந்தால் அது தடத்தோடு நெடுக ஓடும். டிஸ்க்கின் பிழை திருத்தம் அதைச் சமாளிப்பது கடினம்.

கோளாறே இல்லாமல் கோளாறு போலத் தெரிவதும் உண்டு. ஆடியோ சிடியில் கோப்பு முறைமை (கோப்புகளை அடுக்கி வைக்கும் ஒழுங்கு) கிடையாது, வெற்று டிஸ்க்கிலும் கிடையாது. மவுண்ட் ஆகவில்லையே, அதாவது கோப்புறையாகத் திறக்கவில்லையே என்று கவலைப்படாதீர்கள். சினிமா டிவிடி மட்டும் அடம்பிடித்தால் பெரும்பாலும் அதன் பூட்டைத் திறக்கும் லிப்டிவிடிசிஎஸ்எஸ் (libdvdcss) என்ற மென்பொருள் இல்லாததுதான் காரணம். தட்டு வெளியே வர மறுத்தால் அன்மவுண்ட் (umount) செய்து இஜெக்ட் (eject) கட்டளை கொடுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் கணினியை அணைத்து, முகப்பில் உள்ள ஊசித் துளையில் நிமிர்த்திய பேப்பர் கிளிப்பை நுழையுங்கள்.

லென்ஸைத் துடைத்த பிறகும் என் டிவிடியின் ஓரப்பகுதி படிக்க வரவில்லை. அங்கே டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற மீட்பு மென்பொருள் உதவியது. செக்டர் (டிஸ்க்கில் ஒரு துண்டு) அளவு 2048 பைட் என்று சொல்லி, எது படிக்கப்பட்டது, எது விட்டுப்போனது என்று குறித்துவைக்கும் மேப் கோப்பும் வைத்துக்கொண்டேன். அந்த மேப் இருந்தால், ஒரு டிரைவ் விட்ட இடங்களை மட்டும் வேறொரு டிரைவில் முயலலாம். கடன் வாங்கிய யூஎஸ்பி டிரைவ் மிச்சத்தைப் படித்தது. இரண்டு படங்கள் மட்டும் பாதி சாம்பல் நிறத்தில் வந்தன.