சிங்க்கில் குளோராக்ஸ் ஊற்றாதீர்கள்: மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வாடகை வீட்டுச் சாவி கைக்கு வந்ததும் பலரும் முதலில் வாங்குவது குளோராக்ஸ்தான். எந்த நிறுவனத்தின் பிளீச்சாக இருந்தாலும் இங்கே அந்தப் பெயர்தான். கழிப்பறைக்கும் தரை ஓட்டுக்கும் சரி, அளவாகத் தண்ணீர் கலந்து பயன்படுத்துங்கள். சிங்க், குழாய், ஜன்னல் கம்பி பக்கம் மட்டும் கொண்டு போகாதீர்கள்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைத் துருப்பிடிக்காமல் காப்பது அதன் மேலுள்ள மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். பிளீச்சை ஊற்றி அப்படியே விட்டால் அந்தப் படலம் அரிபட்டு, ஊசி குத்தியதுபோல் குழிகள் விழும். பிறகு எவ்வளவு தேய்த்தாலும் அவை போகாது. பாத்திரச் சோப்பும் வெந்நீரும் போதும். வெள்ளைக் கறை இருந்தால் வினிகர் தொட்டுத் துடைத்து உடனே கழுவிவிடுங்கள்.

அலுமினியப் பானைக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் எதிரி, சாக்கடை அடைப்பு நீக்கும் காஸ்டிக் சோடா. அது அலுமினியத்தைக் கரைக்கும், சூடேறும், தீப்பிடிக்கக்கூடிய ஹைட்ரஜனும் வெளிவரும். பித்தளைக் குத்துவிளக்குக்கு நம் புளியும் உப்புமே நல்லது.

எனக்கு அதிகம் பயம் தருவது கலப்புதான். கழிப்பறை கழுவும் அமிலத்தோடு பிளீச் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். வினிகரும் அமிலம்தான், மறக்க வேண்டாம். அம்மோனியா உள்ள கண்ணாடித் துடைப்பானோடு சேர்ந்தாலும் நச்சு வாயுதான். இங்குள்ள குளியலறைகள் பல சின்னவை, காற்றோட்டம் குறைவு. நெடி அடித்தால் சுத்தம் செய்ய நிற்காமல் வெளியே வந்துவிடுங்கள். மூச்சுத் திணறினால் 999.

புட்டியில் மலாய்தான் இருக்கும். 'பஹாயா' என்றால் ஆபத்து, 'பெலுந்துர்' பிளீச், 'அசிட்' அமிலம், 'ஜாங்கான் சம்புர்' கலக்காதே. கடையில் புட்டி மேல் இந்த நாலு சொல்லும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அப்புறம், ரப்பர் தோட்டத்தில் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலம், அதாவது 'சுக்கா கெத்தா'. துரு போகும் என்று யாராவது தண்ணீர் புட்டியில் ஊற்றிக் கொடுத்தால் வாங்கவே வேண்டாம். தோலைப் பொசுக்கும், கண்ணைக் கெடுக்கும், குழந்தை தண்ணீர் என்று குடித்துவிடும். மேலே பட்டால் நனைந்த துணியைக் கழற்றிவிட்டு, ஓடும் தண்ணீரில் 20 நிமிடமாவது கழுவுங்கள். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், அந்தப் புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.