பச்சையை எடுத்துவிட்டால் ஸ்டோர் தெரியும்

இலங்கை மலையகத்துக்குக் கேமராவோடு வருகிறவர்கள் பச்சையைத்தான் எடுத்துச் செல்கிறார்கள். அம்மா பறித்த கொழுந்தெல்லாம் போய்ச் சேர்ந்த ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை, அந்தப் படங்களின் மூலையில் வெள்ளிப் பொட்டாக நிற்கிறது. இந்த மலைகளில் எனக்கு மிக அழகானது அந்தத் தகரக் கட்டடம்தான். அதைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துப் பழக, கையிலுள்ள தொலைபேசியே போதும்.

1. ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கரிடம் அனுமதி கேளுங்கள்.

2. படம் எடுக்குமுன் கட்டடத்தைப் படியுங்கள். மேல்மாடிகளில் அத்தனை ஜன்னல்கள் ஏன்? கொழுந்து வாடக் காற்று வேண்டும். கனத்த உருட்டு இயந்திரங்கள் கீழ்த்தளத்தில். வேலை எப்படியோ, உருவமும் அப்படியே.

3. மப்பான நாளில் போங்கள். ஜெர்மனியின் பெர்ன்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் தம்பதி 1959 முதல் பல்லாண்டுகள் தண்ணீர்க் கோபுரங்களையும் ஊதுலைகளையும் கறுப்பு வெள்ளையில் எடுத்தார்கள். கடும் நிழல் வடிவத்தை உடைக்கும் என்பதால் மேகம் மூடிய வானத்துக்காகக் காத்திருந்தார்கள். நமக்கோ மேகம் வாசற்படிக்கே வருகிறது.

4. நிற்கும் இடத்தில்தான் பாதிப் படம் இருக்கிறது. அடியில் நின்று அண்ணாந்து எடுத்தால் சுவர்கள் மேலே போகப்போகக் குறுகிச் சாயும். கட்டடத்தின் பாதி உயரத்துக்கு நீங்கள் ஏற வேண்டும். ஏணி தேவையில்லை, எதிர்ச் சரிவின் தேயிலை மலை இருக்கிறது. அங்கிருந்து கேமராவை நிமிர்த்தி, நேருக்கு நேராகப் பிடியுங்கள். காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு போங்கள், அட்டை ஏறும்.

5. பனிமூட்டத்தைக் கேமரா சாம்பலாக்கிவிடும்; வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டுங்கள். தகரத்தின் நெளிவுக் கோடுகள் மறையத் தொடங்கினால் நிறுத்துங்கள்.

6. வண்ணத்தில் எடுத்துப் பிறகு கறுப்பு வெள்ளைக்கு மாற்றுங்கள். மாற்றும்போது பச்சையையும் மஞ்சளையும் இருட்டாக்குங்கள். இரண்டையுமே, ஏனெனில் தேயிலைப் பச்சையில் மஞ்சள் நிறைய இருக்கிறது. மலை கறுத்து அமிழும். வெள்ளிப்பூச்சுத் தகரம் முன்னே வந்து நிற்கும். முதன்முறை அதைத் திரையில் பார்த்தபோது, சிறுவயது முதல் தினமும் கடந்துபோன கட்டடத்தை அன்றுதான் பார்த்தேன் என்று தோன்றியது.

7. ஒன்றோடு நிறுத்தாதீர்கள். ஐந்து ஸ்டோர்களை ஒரே தூரத்தில், ஒரே கோணத்தில் எடுத்து அருகருகே வையுங்கள். பெக்கர் தம்பதியும் அப்படித்தான் அடுக்கினார்கள். ஒன்றில் ஜன்னல் நெருக்கம், இன்னொன்றில் கூரைச் சரிவு என ஒவ்வொன்றும் தன் முகத்தைக் காட்டும்.

மூடிக் கிடப்பவற்றை முதலில் எடுங்கள். கந்தப்பளையில் ஒரு ஸ்டோர் ஹோட்டலாகி உயிர் பிழைத்தது. எல்லாவற்றுக்கும் அது வாய்க்காது.