தெரிந்த சொல்லை முதலில் சந்தேகியுங்கள்: ஆங்கிலப் பத்தியைப் பொருள் உணர்ந்து வாசிக்க ஒரு பயிற்சி முறை

பெங்களூர்த் தமிழர்களுக்கு இன்னொரு மொழியைப் பழகுவது புதிதன்று. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் கன்னடம், பக்கத்து வீட்டில் தெலுங்கோ உருதோ, வேலையிடத்தில் ஆங்கிலம் என்று நான்கு மொழிகளைக் காதாலேயே பிடித்துக்கொண்டவர்கள் அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஆனால் காதால் வந்த ஆங்கிலம் அச்சாகித் தாளில் வந்து நிற்கும்போது அவர்களில் பலர் தயங்குகிறார்கள். வாடகை ஒப்பந்தமோ, அலுவலக மின்னஞ்சலோ, குடிநீர் நிறுத்தம் பற்றிய அறிவிப்போ கைக்கு வந்தால் அதைப் பிள்ளைகளிடம் நீட்டி வாசிக்கச் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் இத்தகைய பெரியவர்களுக்கு ஆங்கிலம் வாசிக்கக் கற்றுக்கொடுத்து வருகிறேன். அங்கே பயன் தந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வகுப்புக்கு வருகிறவர்கள் எல்லோரும் தங்களுக்குச் சொல்வளம் போதவில்லை என்ற குறையோடுதான் வருகிறார்கள். ஒரு பத்தியைக் கொடுத்தால் நீளமான, அறிமுகமில்லாத சொற்களின் கீழெல்லாம் கோடு போடுகிறார்கள். ஆனால் பொருள் தவறிப்போவது பெரும்பாலும் அந்தச் சொற்களால் அன்று. தெரியும் என்று நினைத்துக் கடந்து போகிற சிறு சொற்களால்தான். ‘ஃபியூ ஓனர்ஸ் அட்டெண்டட் த மீட்டிங்’ என்ற வாக்கியத்தைக் கொடுத்துப் பொருள் கேட்டால், ‘சில வீட்டுக்காரர்கள் கூட்டத்துக்கு வந்தார்கள்’ என்று ஏறக்குறைய எல்லோருமே சொல்கிறார்கள். அது பிழை. ‘ஃபியூ’ என்று மட்டும் இருந்தால் வந்தவர்கள் மிகக் குறைவு, கூட்டம் சோபிக்கவில்லை என்பது குறிப்பு. அதற்கு முன்னால் ‘எ’ என்ற ஓரெழுத்துச் சொல் சேர்ந்து ‘எ ஃபியூ’ என்றானால்தான் ‘சிலர் வந்தார்கள்’ என்று பொருள். ‘குவைட் எ ஃபியூ’ என்றாலோ கணிசமான பேர் வந்தார்கள் என்று ஆகிவிடும். இந்த நுட்பம் தமிழனுக்கு அந்நியமானதும் அன்று. ‘சிலர் வந்தார்கள்’ என்பதற்கும் ‘சிலரே வந்தார்கள்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் ஓர் ஏகாரத்தில் காட்டிவிடுகிறோம். தமிழில் அவ்வளவு கூர்மையாகக் கேட்கிற காது ஆங்கிலத்தில் கேட்காமல் போவதற்குக் காரணம், அந்தச் சொல்லை ஏற்கெனவே தெரியும் என்று ஒதுக்கிவிடுவதுதான்.

ஆகவே சொற்பயிற்சிக்கென ஒரு நோட்டுப் போடும்போது, அதன் முதல் பத்துப் பக்கங்களை இத்தகைய சிறு சொற்களுக்கே ஒதுக்குங்கள். ‘ஹார்ட்லி’ என்பது ‘ஹார்ட்’ என்பதன் உறவு போலத் தோன்றினாலும், கடினமாக என்று பொருள்படாது. ‘அரிதாகவே’, ‘கிட்டத்தட்ட இல்லை’ என்று பொருள்படும். ‘அன்லெஸ்’ என்பதை ‘இஃப்’ போலப் படித்தால் பொருள் தலைகீழாகும். வாடகைக்கு வீடு எடுத்தால் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்த ஊரில், ‘த டெபாசிட் வில் பி ரீஃபண்டட் அன்லெஸ் த டெனன்ட் வெக்கேட்ஸ் பிஃபோர் எலெவன் மந்த்ஸ்’ என்ற வரியைத் தவறாகப் படிப்பது சிறிய பிழை ஆகாது. 11 மாதத்துக்கு முன் காலி செய்தால் பணம் திரும்பாது, மற்றபடி திரும்பும் என்பது அதன் பொருள். ‘அன்லெஸ்’ வருகிற இடத்திலெல்லாம் ‘இப்படி ஆனால் ஒழிய’ என்று தமிழில் சொல்லிப் பாருங்கள், பிழை வராது.

அடுத்த சில பக்கங்களைத் தமிழுக்குள் குடியேறிய ஆங்கிலச் சொற்களுக்குக் கொடுங்கள். இவை நமக்கு உதவுவது போலவே இடறியும் விடுகின்றன. நாம் ‘கரண்ட்’ போய்விட்டது என்றால் மின்சாரம். ஆங்கிலப் பத்தியில் ‘கரண்ட் பிரைஸ்’ என்று வந்தால் இப்போதைய விலை. நமக்கு ‘ஹோட்டல்’ சாப்பிடும் இடம்; ஆங்கிலத்தில் தங்கும் இடம். இவற்றையெல்லாம்விடக் கவனிக்க வேண்டியது ‘டவுட்’. நாம் விளக்கம் கேட்பதையே டவுட் கேட்பது என்கிறோம். ஆங்கிலத்தில் ‘ஐ டவுட் ஹி வில் கம்’ என்றால், அவர் வரமாட்டார் என்றே நினைக்கிறேன் என்று பொருள். ‘ஐ சஸ்பெக்ட் ஹி வில் கம்’ என்றாலோ, அவர் வருவார் என்றே நினைக்கிறேன் என்று பொருள். தமிழ் அகராதியில் இரண்டுக்கும் ‘சந்தேகப்படு’ என்றே இருக்கும். எதிரெதிர் பொருள் தருகிற இரு வாக்கியங்களை நாம் ஒன்றாகவே வாசித்துவிடுவோம். ஒரு சொல்லுக்கு ஒரு தமிழ்ச்சொல் என்று எழுதிப் போகும் பழக்கத்தை நான் விடச் சொல்வது இதனால்தான். சொல்லைத் தனியாக எழுதாமல், அது வந்த வாக்கியத்தோடு எழுதி, வாக்கியத்தின் பொருளைத் தமிழில் எழுதுங்கள்.

சொல்லுக்குத் துணையாக எது வருகிறது என்பதையும் அதே வரியில் குறித்துக்கொள்ளலாம். மழைக்கு ‘ஹெவி’, காற்றுக்கு ‘ஸ்ட்ராங்’. நாமும் கனமழை என்போம், பலத்த காற்று என்போம். கனக்காற்று என்று சொல்வதில்லை.

எவ்வளவு சொல் தெரிந்தால் போதும் என்ற கேள்வி வகுப்பில் ஓயாமல் வரும். டாக்காவில் பணியாற்றி, வங்காள மாணவர்களுக்கு வாசிப்பையே முதலில் கற்பிக்க வேண்டும் என்று வாதிட்ட மைக்கேல் வெஸ்ட், அதிகம் புழங்கும் ஏறத்தாழ 2,000 சொற்களைத் தொகுத்து 1953இல் வெளியிட்டார். தொடக்கத்துக்கு அந்த அளவு நல்ல இலக்கு. நியூசிலாந்தைச் சேர்ந்த மொழியியலாளர் பால் நேஷன் 2006இல் எழுதிய கட்டுரையில், பிறர் துணையின்றிப் புரிந்துகொள்ள 100 சொற்களில் 98 தெரிந்திருக்க வேண்டும் என்று கொண்டால், பேச்சுக்கு 6,000 முதல் 7,000 சொற்குடும்பங்களும் (ஓர் அடிச்சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்), நாவல், செய்தித்தாள் போன்ற எழுத்துக்கு 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்களும் தேவைப்படும் என்று கணக்கிட்டார். பேச்சில் தடையின்றிப் போகிறவர் தாளின் முன்னால் ஏன் தயங்குகிறார் என்பதற்கு இந்த இடைவெளியே பாதி விடை.

இந்தக் கணக்கைக் கண்டு மலைக்க வேண்டாம். பத்தியைத் தேர்ந்தெடுக்க இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். புதிய பத்தியின் முதல் 100 சொற்களை எண்ணி, தெரியாதவை எத்தனை என்று பாருங்கள். இரண்டு மூன்று என்றால் அது உங்களுக்கு உரிய பத்தி. ஐந்தைத் தாண்டினால் இப்போதைக்கு எடுத்து வையுங்கள். நாளிதழின் தலையங்கத்தை முதல் நாளே கையில் எடுத்துச் சோர்ந்துபோனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உள்ளூர்ப் பக்கத்தில் வரும் மின்தடை, குடிநீர், போக்குவரத்து மாற்றச் செய்திகளிலிருந்து தொடங்குங்கள். இடமும் விஷயமும் தெரிந்தவையாதலால் சொல் தானே பிடிபடும். எளிய நடையில் சுருக்கி எழுதப்பட்ட கதைநூல்கள் சர்ச் தெருவின் பழைய புத்தகக் கடைகளில் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள்.

இனி, அன்றாடப் பயிற்சி. 2001இல் கோலார் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு வேலைக்காகப் பெங்களூருக்கு நாள்தோறும் ரயிலில் வந்து போகும் தங்கவயல் தமிழர்கள் சிலர் என் வகுப்பில் உண்டு. மாரிக்குப்பத்தில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்கும் மேலான பயணம்; அதில் அரை மணி நேரத்தை இதற்குக் கொடுக்கிறார்கள். 150 முதல் 200 சொல் கொண்ட ஒரு பத்தி போதும். முதல் முறை பேனாவும் அகராதியும் இல்லாமல் இறுதிவரை வாசித்து, யார் என்ன செய்தார் அல்லது என்ன சொல்லப்பட்டது என்று தமிழில் ஒரே வாக்கியம் சொல்லிப் பார்க்க வேண்டும். அது தவறாக இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் சொல்லியே ஆக வேண்டும்.

இரண்டாம் முறை வாசிக்கும்போது ஒவ்வொரு வாக்கியத்திலும் முதன்மை வினையைத் தேடுங்கள். நான் அதிக நேரம் செலவிடுவது இங்கேதான். தமிழில் வினைமுற்று கடைசியில் வரும். பெயரை விளக்கும் பகுதி பெயருக்கு முன்னால் பெயரெச்சமாக வரும். ஆங்கிலத்தில் விளக்கம் பெயருக்குப் பின்னால் வந்து, எழுவாயையும் வினையையும் பிரித்து வைத்துவிடும். ‘த டெனன்ட் ஹூ ஹேட் பெய்ட் த டெபாசிட் வாஸ் ஆஸ்க்ட் டு வெக்கேட்’ என்ற வாக்கியத்தில், முதலில் தென்படுகிற ‘பெய்ட்’ என்பதையே வினைமுற்றாகக் கொண்டு, ‘வாடகைதாரர் முன்பணம் கட்டினார்’ என்று முடித்துவிடுகிறவர்கள் பலர். அதைத் தாண்டியவர்களிலும் சிலர், காலி செய்யச் சொன்னவரே வாடகைதாரர் என்று படிக்கிறார்கள். ‘ஹூ’ முதல் ‘டெபாசிட்’ வரை பென்சிலால் ஒரு வளையம் போட்டு, வளையத்தை நீக்கிவிட்டு வாசித்தால், காலி செய்யும்படி சொல்லப்பட்டவர் வாடகைதாரர் என்பது விளங்கிவிடும். பிறகு வளையத்தில் உள்ளதைப் பெயரெச்சமாக்கி முன்னால் வையுங்கள்: ‘முன்பணம் கட்டியிருந்த வாடகைதாரர் காலி செய்யும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்’. நாளுக்கு மூன்று வாக்கியத்தை இப்படிப் பிரித்துச் சேர்த்தால், சில மாதங்களில் பென்சில் இல்லாமலே கண் வளையம் போடத் தொடங்கும்.

மூன்றாம் முறைதான் அகராதி. திறப்பதற்கு முன் பொருளை ஊகித்து ஓரத்தில் எழுதிவிட்டுத் திறக்க வேண்டும். மொழி கற்போருக்கென்றே எழுதப்பட்ட ஆங்கில-ஆங்கில அகராதி சிறந்தது. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ.எஸ். ஹார்ன்பியும் உடன்பணியாளர்களும் தொகுத்து 1942இல் அங்கேயே வெளியான அகராதியே இவ்வகையின் முன்னோடிகளில் ஒன்று. பிறமொழிக்காரர் எங்கே தடுக்கி விழுவார் என்று அறிந்தவர்கள் எழுதியது என்பதுதான் அதன் சிறப்பு. நாளுக்கு ஐந்து சொல்லுக்கு மேல் நோட்டில் ஏற்றாதீர்கள். கற்றது தொடக்கத்திலேயே வேகமாக மறந்துபோகிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885இலேயே சோதித்துக் காட்டினார்; ஆகையால் மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே திருப்பிப் பாருங்கள். பொருளைக் கையால் மறைத்துக்கொண்டு நினைவுகூர வேண்டும். வெறுமனே வாசித்துப் போவதில் பலன் குறைவு.

கடைசியாகக் கேள்விகள். விடை சொல்லும்போது அது பத்தியின் எந்த வரியில் இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்ட வேண்டும் என்பது எங்கள் வகுப்பு விதி. வெளிநாட்டு வேலைக்கோ படிப்புக்கோ ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வை எழுதுகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம். அதன் வாசிப்புத் தேர்வில் 60 நிமிடத்தில் 40 கேள்விகள். ஒரு கூற்றைப் பத்தி மறுக்கிறது என்னும் ‘ஃபால்ஸ்’, அதுபற்றிப் பத்தி ஒன்றும் சொல்லவில்லை என்னும் ‘நாட் கிவன்’ என்ற இரண்டு விடைகளுக்கும் இடையில் மதிப்பெண் இழப்பவர்கள் ஏராளம். சனிக்கிழமை காலை தண்ணீர் வராது என்று அறிவிப்பு இருக்கிறது என்று கொள்வோம். ‘சனி காலை தண்ணீர் வரும்’ என்ற கூற்றை மறுக்கும் வரியில் விரலை வைக்க முடியும், அது ‘ஃபால்ஸ்’. ‘மாலையில் தண்ணீர் வரும்’ என்ற கூற்றுக்கு விரல் வைக்க வரியே இல்லை. அது ‘நாட் கிவன்’. காலையில் வராது என்றால் மாலையில் வரத்தானே செய்யும் என்பது நம் அனுபவம் சொல்வது, பத்தி சொல்வதன்று.

புரியாமல் எடுத்து வைத்த பத்திகளைத் தூக்கி எறியாதீர்கள். ஒவ்வொன்றின் தலையிலும் தேதியையும், 100 சொல்லில் தெரியாதவை எத்தனை என்ற எண்ணையும் எழுதி நோட்டின் பின்னட்டையில் செருகி வையுங்கள். மூன்று மாதம் கழித்து எடுத்து, அதே 100 சொல்லை மறுபடி எண்ணிப் புதிய எண்ணைப் பழைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.